நான் எடுத்துக்கொடுத்த பிரஷ்

தம்பி,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் வலி முன்னைப் போலத்தான். எனக்கு வலது தோள் இந்தப் பனிக்குத் தூக்க வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை நான்கு நாட்களாக விட்டு விட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போன ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டிலிருந்து நீ போன் போட்டு, "அப்பா, என்னய டீம் லீடர் ஆக்கிட்டாங்க. இனிமே நாலு பேருக்கும் பிரஷ் நான்தான் பாத்து எடுக்கணுமாம். எதப் பாத்து எடுக்கிறது?" என்று கேட்டாய். அவ்வளவு சந்தோஷம் உன் குரலில். நான் "யோசிச்சுச் சொல்றேன்டா" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வயல் பக்கம் நடந்துவிட்டேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். பதினைந்து வருடம் சார்ஜாவில் கட்டடக் கண்ணாடி கழுவிய மனுஷனுக்கு ஒரு பிரஷைப் பற்றிச் சொல்ல என்ன யோசனை என்று அம்மாவும் கேட்டாள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். பேசினால் பாதியில் மழுப்பி நிறுத்திவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும். அதனால்தான் காகிதம். அடுத்த வாரம் லீவு முடிந்து உங்கள் பக்கம் திரும்புகிற ஆவூர்க்காரர் ஒருவர் கொண்டு வந்து தருவார்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரில் பிரஷைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து எடை மதிப்பிடாதே. கையில் எல்லாமே இலேசாகத்தான் இருக்கும். அதைப் ‘போல்’ கம்பின் நுனியில் மாட்டு, தண்ணீரைத் திறந்து நன்றாக நனையவிடு, போலை முழு நீளத்துக்கும் நீட்டி நான்கு மாடி உயரத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார். அப்போது தெரியும் அதன் உண்மையான கனம். பன்றி முடி வைத்த பிரஷ் அழுக்கை நன்றாகக் கவ்வும், ஆனால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், சீக்கிரமும் தேயும். நைலான் முடி இலேசு, நாள்படவும் வரும். அதிலும் நுனி பிளந்து பஞ்சு போல இருப்பதாகப் பார்த்து எடு. அதுதான் தண்ணீரைக் கண்ணாடி முழுக்கப் பரப்பும். சட்டம் சட்டமாக இருக்கிற ஜன்னலுக்குக் குட்டையான பிரஷ் போதும், மூலைக்குள் போகும். ஒரே கண்ணாடியாக நீண்டு போகிற சுவருக்கு மட்டும் அகலமானது. தண்ணீர் வருகிற துளைகளையும் பார். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கிற கண்ணாடியென்றால் விசிறி மாதிரி விரிந்து பாய்கிற துளைதான் சரி. ஊசி போலப் பாய்கிற துளை நடுவில் இடம் விட்டுவிடும், காய்ந்த பிறகு புள்ளி தெரியும், நீ மறுபடி போலைத் தூக்க வேண்டிவரும். அப்படி மறுபடி மறுபடி தூக்கியதில் போனதுதான் என் தோள்.

அதைவிட முக்கியம் மணல். உங்கள் ஊரிலும் காற்றடித்தால் கண்ணாடியில் மாவு பூசின மாதிரி படிந்துவிடும். அதன் மேல் எடுத்தவுடன் பிரஷை வைக்காதே. முதலில் தொடாமல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டு இறக்கு. மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் பிரஷைக் கவிழ்த்து முடியின் வேர் வரை அலசு. மணல் நுனியில் இருக்காது, அடியில் போய் உட்கார்ந்திருக்கும். சுவருக்கும் சட்டத்துக்கும் வைத்த பிரஷைக் கண்ணாடிக்குக் கொண்டுபோகாதே. புதுக் கட்டடம் என்றால் யாரும் பார்க்காத கீழ் மூலையில் ஒரு சாண் தேய்த்து, காயவிட்டு, சாய்ந்த வெயிலில் பக்கவாட்டில் நின்று பார். கீறல் நேராகப் பார்த்தால் தெரியாது. இதையெல்லாம் நான் கம்பெனி ட்ரெய்னிங்கில் படித்தேன் என்று உன்னிடம் முன்பு சொல்லியிருக்கிறேன். அது பொய். பாதியை வீரையன் என்ற ஒருவன் எனக்குச் சொன்னான். நான் கேட்கவில்லை. மீதியை அதற்குப் பிறகு நானே தெரிந்துகொண்டேன்.

வீரையன் கட்டுமாவடிக்காரன். நம் ஊரிலிருந்து அறந்தாங்கி போய் பஸ் மாறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு, இனி கடல் வேண்டாம் என்று பெண்டாட்டி செல்லம்மா பிடிவாதமாகச் சொன்னதால் சார்ஜா வந்தான். அப்போது நீ எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். நான் அப்போதுதான் டீம் லீடர் ஆகியிருந்தேன், இப்போது நீ ஆகியிருப்பது போல. அதுவரை மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறக்கும் தொட்டிலில் தொங்கிக் கழுவிக்கொண்டிருந்த எங்களைக் கம்பெனி தரையில் இறக்கி, போலும் பைப்பும் உப்பு நீக்கின தண்ணீர் டேங்கும் கொடுத்தது. வீரையனுக்குத் தமிழைத் தவிர வேறு பேச்சு வராது. சூப்பர்வைசர் இந்தியில் சொல்வதை நான் அவனுக்குத் தமிழில் சொல்வேன், அவன் சொல்வதை நான் அவருக்கு இந்தியில் சொல்வேன். ஆறு மாதம் அவனுடைய வாயும் காதும் நானாக இருந்தேன். அவனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. "அண்ணன் இருக்கையில எனக்கென்ன" என்பான். வலை இழுத்துப் பழகிய கை என்பதால் எவ்வளவு நீளப் போலாக இருந்தாலும் நுனி ஆடாமல் பிடிப்பான்.

ஒரு புதுக் கிளினிக் கட்டடம் வந்தது. ஐந்து மாடி. தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெயில் தாங்க வெளிப்புறமாக ஒரு ஃபிலிம் ஒட்டியிருந்தார்கள். பிரஷ் எடுக்கும்போது அது எனக்குத் தெரியாது, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மற்ற டீம் நான்கு நாளில் முடிக்கிற வேலையை மூன்று நாளில் முடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. ஸ்டோரில் இருந்ததிலேயே அகலமான, விறைப்பான பிரஷை எடுத்தேன், சுவரும் தரையும் தேய்க்க வைத்திருந்தது. வீரையன் அதன் முடியைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினான். பிறகு போய்க் கண்ணாடியின் ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிவிட்டு வந்தான்.

"அண்ணே, இது ரொம்ப வெறப்பா இருக்குண்ணே. அந்தக் கண்ணாடில மேலாப்புல என்னமோ ஒட்டியிருக்கான். மெத்துன்னு உள்ளத எடுத்துக்குவமே."

"மெத்துன்னு உள்ளத எடுத்தா இங்கனயே பொங்க வச்சுக் கும்பிட வேண்டியதுதான். தேய்யா" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே போலை வாங்கிக்கொண்டான். முந்தின நாள் புழுதிக்காற்று அடித்திருந்தது. தொடாமல் தண்ணீர் ஓட்டவும் நான் பொறுக்கவில்லை. இரண்டரை நாளில் தெற்குப் பக்கம் முடிந்தது. மூன்றாம் நாள் மாலை வெயில் மேற்கே சாய்ந்தபோது, கட்டட மேனேஜர் கார் நிறுத்துமிடத்தில் நின்று மேலே பார்த்தார். ஐந்து மாடிக் கண்ணாடி முழுக்க வில் வில்லாகக் கோடு. பிரஷ் போன வழியெல்லாம் அப்படியே எழுதி வைத்த மாதிரி இருந்தது. அழிக்க முடியாது, ஃபிலிம் முழுவதையும் உரித்து மாற்ற வேண்டும்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வந்தார். பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை யார் எடுத்தது?" என்று இந்தியில் கேட்டார். வீரையன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மற்ற இரண்டு பேரும் டேங்க் வண்டியிடம் இருந்தார்கள். உனக்காகவும் அம்மாவுக்காகவும்தான் அப்படிச் செய்தேன் என்று எழுதினால் உனக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் யாருடைய முகமும் என் மனதில் வரவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். "நான் மெத்தென்ற பிரஷ்தான் கொடுத்தேன் சார். இவன் சீக்கிரம் முடிக்க ஆசைப்பட்டு மாற்றி எடுத்துவிட்டான். நான் வடக்குப் பக்கம் இருந்தேன், கவனிக்கவில்லை" என்று சொன்னேன். அவர் வீரையனைப் பார்த்து, "உண்மையா? நீதான் மாற்றினாயா?" என்று கேட்டார். அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். நான் வீரையனிடம் திரும்பி, "இந்த பிரஷ்லதான் தேய்ச்சியான்னு கேக்குறாரு" என்றேன்.

"ஆமாண்ணே" என்று தலையை ஆட்டினான்.

தலை ஆட்டியதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சூப்பர்வைசர் கோபமாக நிறையப் பேசினார். நானும் நிறையப் பேசினேன், என்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று. வீரையன் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றான். அவர் போன பிறகு நான் அவனிடம், "எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன் வீரையா, கேக்க மாட்டேங்கிறான். ஒன்னய ஊருக்கு அனுப்புறாங்களாம்" என்றேன். அவன் போலை மடக்கிக் கீழே வைத்தான். பிறகு, "நான் ரொம்ப அழுத்தித் தேச்சுட்டனோண்ணே?" என்று கேட்டான். தம்பி, அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். "கொஞ்சம் அழுத்தமாத்தான் போயிருச்சு" என்று சொன்னேன். நான்கு நாளில் அவனை விமானம் ஏற்றிவிட்டார்கள். நான்தான் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தேன்.

ஊருக்குப் போனவன் மறுபடி கடலுக்குப் போனான். வேறு என்ன செய்வான்? ஜெகதாப்பட்டினத்தில் ஒரு விசைப்படகில் ஏறினான். இரண்டாம் வருடமே எல்லை தாண்டினார்கள் என்று படகோடு பிடித்துக் கொண்டுபோய் அக்கரைச் சிறையில் வைத்துவிட்டார்கள். எட்டு மாதம். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். கட்டுமாவடிப் பையன்கள் நாங்கள் தங்கியிருந்த கேம்பில் இருந்தார்கள், போனில் படம் காட்டினார்கள். பிடிபட்டவர்களை மீட்கச் சொல்லிப் பெண்கள் சாலையில் உட்கார்ந்திருக்கிற படம். அதில் எது செல்லம்மா என்று நான் கேட்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் தோள் போய்விட்டது என்று நான் ஊர் திரும்பினேன். தோள் போனது உண்மை. ஆனால் ஆபரேஷன் செய்துகொண்டு இன்னும் சில வருடம் இருக்கச் சொல்லிக் கம்பெனி கேட்டது. நான்தான் மாட்டேன் என்றேன். கண்ணாடி முன்னால் நிற்கப் பிடிக்காமல் போய்விட்டது. உங்களிடம் தோளை மட்டும் சொன்னேன்.

நான் வந்த அடுத்த மாதம் கட்டுமாவடிக்கு ஒரு தடவை போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வீரையன் சிறையிலிருந்து வந்து, முட்டி மடக்க முடியாமல், ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பி, "செல்லம்மா, யாரு வந்திருக்கா பாரு. அன்னைக்கு எனக்காக அந்த ஆளுகிட்ட மல்லுக்கட்டிப் பேசுனாகன்னு சொல்லுவேன்ல, அந்த அண்ணன்" என்றான். அவனுக்குப் புரியாத மொழியில் நான் பேசியதை அவன் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறான். செல்லம்மா கும்பிட்டுவிட்டு மீன் வாங்கப் போனார். "நீங்க பேசி என்னண்ணே, இவுக கை சும்மா இருந்தாத்தானே" என்று சமைக்கும்போது சொன்னார். வீரையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அது அந்த வீட்டில் பல தடவை பேசப்பட்ட பேச்சு என்று தெரிந்தது. நான் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை குழம்பும் வாங்கிக்கொண்டேன். ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு இத்தனை வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை கேட்ட பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் அறந்தாங்கியில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன். வீரையன் மட்டும்தான் வீட்டில் இருந்தான். முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைவிட எட்டு வயது சின்னவன். அவன் நாற்காலி எடுத்துப் போட்டான், நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பிரஷை நான் எடுத்ததை அவன் அறிவான். அதற்குப் பிறகு அவன் அறியாததைச் சொன்னேன். சூப்பர்வைசர் என்ன கேட்டார், நான் தமிழில் என்ன சொன்னேன், அவன் தலையை ஆட்டியது அவருக்கு என்னவாகத் தெரிந்தது, பிறகு நான் என்னவெல்லாம் பேசினேன், எல்லாம். அழுத்தித் தேய்த்ததால் வந்தது இல்லை, அந்தப் பிரஷை யார் எவ்வளவு மெதுவாகப் பிடித்திருந்தாலும் கீறியிருக்கும் என்றும் சொன்னேன்.

அவன் அடிப்பான் என்று ஒரு எண்ணம் எனக்கு இருந்தது. அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, "இத எங்கிட்டச் சொல்லிப் பிரயோசனம் இல்லண்ணே. அவ சந்தைக்குப் போயிருக்கா, வரட்டும். அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, இத்தன வருசம் கழிச்சு ஒரு கதை கட்டுறேன்னுவா" என்றான். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தெருவில் ஐஸ் வண்டி போகும்போது மட்டும் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

செல்லம்மா மீன் கூடையோடு வந்தார். "வாங்கண்ணே, எப்ப வந்தீங்க? தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கூடையை இறக்கினார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முடித்ததும், "இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். காதில் விழாமல் அப்படிச் சொல்லவில்லை, நம்ப முடியாமல் சொன்னார் என்று தெரிந்தது. இன்னொரு தடவை சொன்னேன். இந்தத் தடவை சின்னதாக, நேராகச் சொன்னேன்: தப்பு என்னுடையது, உங்கள் வீட்டுக்காரர் மேல் போட்டேன். செல்லம்மா என்னைப் பார்க்கவே இல்லை. வீரையனைப் பார்த்தார்.

"செயில்ல இருந்து வந்து வாசல்ல நின்ன அன்னைக்குக்கூட ஒங்களத்தானே ஏசுனேன்" என்றார்.

வீரையன், "விடு" என்றான்.

"கை அடங்காத மனுசன்னு ஊரெல்லாம் சொன்னேனே. எங்கண்ணன் வீட்டுல வச்சுச் சொன்னேனே."

"விடு செல்லம்மா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்ன உதவி வேண்டுமானாலும் என்றோ என்னவோ. செல்லம்மா கையைக் காட்டி நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. "பஸ்சுக்கு நேரமாச்சு, கெளம்புங்கண்ணே" என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, பழக்கத்தில், "போயிட்டு வாரேன்" என்றேன். நம் பக்கத்தில் சாவு வீட்டைத் தவிர வேறு எங்கே இதைச் சொன்னாலும் என்ன பதில் வரும் என்று உனக்குத் தெரியும். எதிரிக்குக்கூட அந்த ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். செல்லம்மா, "போங்க" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். வீரையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை எழுதி உன்னிடம் மன்னிப்பு வாங்க வேண்டும் என்று எனக்கு எண்ணமில்லை. கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை, அவர்கள் கொடுக்க வேண்டியதும் இல்லை. என்னைப் பற்றி நீ வெளியில் பெருமையாகச் சொல்வாய் என்று உன் சிநேகிதர்கள் சொல்லியிருக்கிறார்கள். இனி அதை எப்படிச் சொல்வது என்பது உன் இஷ்டம். ஆனால் நீ எவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தாலும் ஒரு நாள் உன் கையால் எடுத்துக்கொடுத்த பிரஷ் தப்பாகப் போகும். கண்ணாடி வெயிலில் காட்டிக்கொடுக்கும். யார் எடுத்தது என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உனக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. அப்போது யோசிக்கலாம் என்று விட்டுவிடாதே. எனக்கு அன்று யோசிக்க வரவில்லை. இப்போதே, சும்மா இருக்கும்போதே, உனக்குள் சொல்லிப் பழகிக்கொள். வேலை போனால் வா. நம் வயலில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

அம்மா சமையல்கட்டில் இருக்கிறாள். நான்கு நாளாகப் பிரஷைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், "அப்புடி என்னதான் இருக்கு அதுல எழுத" என்று இப்போதுகூடக் கேட்டாள். கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டப் போகிறேன். உனக்கு எழுதுவதைவிட அதுதான் எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. வாசித்த பிறகு நாளைக் காலையில் அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பாளா என்று தெரியவில்லை.

அப்பா